கிளி லொறி

எங்கள் சங்கத்து லொறியைப் பழைய சாமான்களைக் கொண்டு எப்படி உயர்த்தினோம் என்று எழுதித் தரும்படி சுரேன் கேட்டிருக்கிறார். நான் ஓய்வு பெற்ற பிறகு கடற்றொழிலாளர் சங்கத்தின் வேலைத்தளத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். சங்கம் ஒரு மலர் வெளியிடுகிறது. அதில் என் பெயரிலும் ஒரு கட்டுரை வர வேண்டுமாம்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாகன இறக்குமதி நின்றது, பிறகு திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பழைய லொறியும் பழைய பிக்கப்பும் வைத்திருப்பவர்கள் அவற்றையே தேய்த்து மினுக்கி ஓட்டுகிறார்கள். கைத்தொலைபேசியில் எந்த நாட்டிலோ எடுத்த படத்தைக் காட்டி, "தாஸ் அண்ணை, இப்பிடி ஒரு அரை அடி தூக்கி விடேலுமோ?" என்று என் வீட்டுப் படலைக்கே வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "கிளி லொறியைத் தூக்கினது நீங்கள்தானே?"

"ஓம்" என்பேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க மாட்டேன். அவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

நான் குருநகரில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போனவர். எனக்குப் படகு கொஞ்சம் ஆடினாலே வயிற்றைப் பிரட்டும். ஆகவே என்னைப் படகுகளின் அவுட்போட் இயந்திரம் திருத்தும் ஒரு கடையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தொடங்கி, யுத்தத்தில் இடம்பெயர்ந்த இடங்களில் எல்லாம் கிடைத்ததைத் திருத்தி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்குக் கைவைத்தியம் பார்த்து, திரும்பி வந்து சங்கத்தில் சேர்ந்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. வேலை தெரியும் என்ற எண்ணமும் நன்றாக முற்றியிருந்தது.

வேலைத்தளத்தில் எனக்கு மேலே இருந்தவர் நாகலிங்கம் அண்ணை. அச்சுவேலிக்காரர். பஸ் டிப்போவில் போர்மனாக இருந்து இளைப்பாறியவரைச் சங்கம் கூப்பிட்டு வைத்திருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் போமன்தான். காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். சட்டையை மடிப்புக் குலையாமல் ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு லொறிக்குக் கீழே போவார். கறாரான ஆள் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். நான் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. பிழையான வேலையைக் கண்டால் திட்ட மாட்டார். சிறிய சுத்தியலை எடுத்து உங்கள் கையில் தந்து, "தட்டிப் பாரும்" என்பார். நீங்கள் தட்டுவீர்கள். சத்தம் பிசகாக இருக்கும். பிசகு உங்கள் காதிலேயே ஏறும்வரை பக்கத்தில் நிற்பார்.

பழைய சாமான் எதைக் கொண்டுபோனாலும் அவரிடம் ஒரு கேள்வி இருக்கும்: "உது ஏன் கழண்டது?"

முதல் தடவை அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. தண்ணீர் பவுசருக்கு ஒரு பிறேக் குழாய் தேடிக் கொண்டுபோயிருந்தேன். பார்வைக்குப் புதிது போலவே இருந்தது.

"ஏன் கழண்டதெண்டால்? ஆரோ கழட்டியிருக்கினம், நான் வாங்கி வந்தனான்."

"ஒரு சாமான் சும்மா கழலாது, தாஸ். வண்டி கிழண்டு போய்க் கழண்டிருக்கும். இல்லாட்டி உடைஞ்சு, அடிபட்டுக் கழண்டிருக்கும். இல்லாட்டி ஆரும் களவாய்க் கழட்டியிருப்பினம். உது எந்த வகை எண்டு தெரியாமல் மற்ற வண்டியிலை பூட்டக் கூடாது. கேட்டுக்கொண்டு வாரும்."

நான் திரும்பப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். எனக்குக் கோபமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து கேட்கப் பழகினேன்.

இனி லொறி. அது ஒரு பழைய ஜப்பான் லொறி. கரையோரத்து இறங்குதுறைகளுக்கு ஐஸ் கொண்டுபோகும். திரும்பும்போது மீன், நண்டு. நண்டு கொட்டிலில் சதை எடுக்கிற பெண்களையும் அதுதான் ஏற்றி இறக்கும். கொட்டிலுக்குப் போகிற வீதி கடல்நீர்க் களப்பை ஒட்டிய பள்ளம். மாரி வந்தால் எது வீதி, எது களப்பு என்று தெரியாது. லொறியின் வில்லுத்தகடுகள் வருடக்கணக்காக ஈரப் பெட்டிகளைச் சுமந்து நிமிர்ந்துபோயிருந்தன. பாரம் ஏற்றினால் வயிறு மண்ணில் உரசும். அந்த இடம் வந்ததும் பெண்கள் எல்லோரும் இறங்கி, சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டிகளைத் தலையில் வைத்துத் தண்ணீருக்குள்ளால் நடப்பார்கள். லொறி வெறுமையாகப் பின்னால் ஊர்ந்து வரும். ஒரு மாரியில் இரண்டு பெண்கள் வழுக்கி விழுந்து, ஒருத்தியின் கை முறிந்தது. அதன் பிறகுதான் சங்கத் தலைவர் வேலைத்தளத்துக்கு வந்தார்.

"புதுசு வாங்கிற கதை இல்லை. உங்களாலை என்ன செய்யலாம்?"

போமன் என்னைப் பார்த்தார். "தூக்கலாம்," என்றேன் நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்படியான லொறி வில்லுத்தகட்டுக் கட்டுகளின் மேல்தான் நிற்கிறது. நீளமான வளைந்த தகடு ஒன்று மேலே. அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று கட்டையாகப் பல தகடுகள். நடுவில் ஒரு போல்ட் எல்லாவற்றையும் கோத்திருக்கும். யூ வடிவப் போல்ட்டுகள் அந்தக் கட்டு முழுவதையும் அச்சோடு சேர்த்து இறுக்கியிருக்கும். இரு பக்கத்திலும் கிளிப் என்கிற இரும்புப் பட்டி, தகடுகள் விசிறி போல விரியாமல் அணைத்துப் பிடிக்கும். தகடு களைத்தால் லொறி தாழும். வளைவு குறையாத தகடுகளைக் கட்டினால் லொறி எழும்பும். புதுத் தகடு வாங்க வசதியில்லாத இடத்தில், அதே அகலத்தில், கொஞ்சம் பெரிய வண்டியின் தகடுகளைத் தேட வேண்டும்.

நான் பழைய இரும்பு விற்கும் காணி காணியாகத் தேடினேன். கொடிகாமத்துக்கு அங்கால் ஒரு காணியில் அது கிடந்தது. ஒரு லொறியின் பின்பாதி மட்டும். முன்பக்கத்தை யாரோ முன்னமே வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். எருக்கலைப் பற்றைக்குள் கிடந்த அந்தப் பின்பாதியில் வில்லுத்தகடுகள் வளைவு குலையாமல் இருந்தன. கிளிப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லா இரும்பும் துருவேறிக் கிடக்க, ஒரு கிளிப் மட்டும் வழுவழுவென்று இருந்தது. படகுக்குப் போடுகிற துருவேறாத உருக்கில் யாரோ கையாலேயே அடித்துச் செய்தது.

"இது ஏன் கழண்டது?" என்று கேட்டேன்.

"வயசு போன வண்டி, அண்ணை," என்றார் காணிக்காரர்.

அதையே போமனிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனாலும் தன் முறையை விடவில்லை. தகடுகளைப் பிரித்துக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசச் சொன்னார். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் வெள்ளையில் கசிந்து கோடு காட்டும். ஒன்றும் காட்டவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டினோம். கோயில் மணி போலப் பாடின.

பிறகு கட்டினோம். தகடுகளைச் சீமெந்துத் தரையில் படுக்கவைத்து வளைவைச் சோக்கால் கீறி ஒப்பிட்டோம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் லொறி நொண்டும். நுனிகளில் வளையமாகக் கண்ணுள்ள நீளத் தகடு எங்கள் பழைய கட்டினுடையதாகவே இருந்தது. வந்த தகடுகளை அதற்குக் கீழே நீள வரிசைப்படி அடுக்கினோம். யூ போல்ட் மட்டும் பழையது கூடாது என்றார் போமன். "ஒருக்கா இழுபட்ட போல்ட் திரும்ப இழுபடாது. அதைப் புதுசாச் செய்விப்பம்." அச்சு கீழே போனதால் பிறேக் குழாய் எட்டவில்லை. நீளமானது போட்டோம். கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு சரிந்து முறுகாமல் இருக்க ஆப்புத் தகடு வைத்தோம். முன்பக்கத்துக்கு ஒரு தகடு மட்டும் கூட்டினோம். தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்தலாமே என்றேன். "பின்னுக்கு வைக்கலாம். முன்னுக்குக் கட்டை வைச்சால் பிறேக் பிடிக்கேக்கை உருளும். ஸ்ரியறிங் உம்மடை கையிலை இராது," என்றார்.

அந்த உருக்குக் கிளிப்பை நான் எமரித் தாளால் தேய்த்தபோதுதான் எழுத்துத் தெரிந்தது. ஆணி நுனியால் புள்ளி புள்ளியாக அடித்திருந்தார்கள்: "கிளி."

போமனிடம் காட்டினேன். வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார்.

"ஆரோ மனம் வைச்சுச் செய்திருக்கிறான்," என்று திருப்பித் தந்தார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு அது ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் பட்டது. இன்னும் நன்றாகத் தேய்த்து, எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்பக்கமாக வைத்துப் பூட்டினேன்.

லொறி ஓடிப் பார்க்கிற நாள் வந்தது. மழை விட்டிருந்த ஒரு காலை. வீதியில் தண்ணீர் நின்றது. ஐஸ் ஏற்றி, பெண்களையும் ஏற்றி, சாரதி மெதுவாகப் பள்ளத்தில் இறக்கினார். நான் மட்காட்டில் தொங்கிக்கொண்டு போனேன். தண்ணீர் அச்சைத் தொட்டது, வயிற்றைத் தொடவில்லை. அந்தப் பக்கம் ஏறியதும் பெண்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். கை முறிந்த பெண் என் தலையில் கைவைத்து, "மாதா உன்னைக் காப்பாள்" என்றாள். கொட்டில் வாசலில் தலைவர், படகுக்காரர்கள், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். "எப்பிடித் தாஸ் செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என் வாயைப் பார்த்து நின்றதில்லை. நான் லொறியின் பின்பக்கம் போய்க் குந்தி, அவர்களையும் குனிந்து பார்க்கச் சொல்லி, தகடுகளைக் கையால் அறைந்து அறைந்து விளக்கினேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வாய் நீண்டது. கடைசியில் அந்தக் கிளிப்பைக் காட்டினேன்.

"இஞ்சை பாருங்கோ, கிளியாம்! லொறிக்காரன் பேர் அடிச்சு வைச்சிருக்கிறான். சொந்தப் பெண்சாதியெண்டால் முன் கண்ணாடியிலை பெரிசா எழுதியிருப்பானெல்லோ? உது மனிசிக்குத் தெரியாத கிளி. அதுதான் ஒருதரும் பாக்காத இடத்திலை, வண்டிக்கு அடியிலை கூடு கட்டி வைச்சிருக்கிறான்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

முன்வரிசையில் திரேசக்கா நின்றாள். கொட்டிலில் வேலை செய்பவள். அதிகம் கதைக்க மாட்டாள். மன்னார்ப் பக்கம் வாழ்ந்தவள், கணவன் இறந்த பிறகு குருநகரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். எப்படி இறந்தார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அவள் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தாள். என் அருகே வந்து குந்தி, கிளிப்பைப் பார்த்தாள். புள்ளிகளின் மேல் விரலை வைத்தாள்.

"அது நான்தான், தாஸ்," என்றாள். மிகவும் மெதுவாக. "அவர் என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவர்."

எனக்குச் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆனால் பின்னால் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. அங்கே சிரிப்பு ஓயவில்லை. "என்னவாம்? ஆராம் கிளி?" என்று யாரோ கேட்டார்கள். "திரேசக்காதானாம் கிளி" என்று பதில் வாய் வாயாகப் பின்னால் போனது. அதுவும் என் பகிடியின் மிச்சம் என்று நினைத்து அவர்கள் இன்னொருமுறை, முன்னதைவிடப் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர் "கிளியக்கா!" என்று கூப்பிட்டு விசிலடித்தார்.

அந்தச் சிரிப்பை நிறுத்த நான் எழும்பிக் கையைக் காட்டியிருக்கலாம். குந்திய இடத்திலேயே இருந்தேன்.

போமன்தான் வந்தார். "பிள்ளை, உள்ளை வாரும்," என்று அவளைக் கொட்டிலில் கணக்கு எழுதும் கந்தோர் அறைக்குக் கூட்டிப்போய் அங்கிருந்த கதிரையில் இருத்தினார். என்னையும் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நான் கதவோடு நின்றேன். தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடியும்வரை பார்த்திருந்து, பிறகு கேட்டார்:

"அந்த லொறி உங்கடையோ, பிள்ளை?"

"ஓம் ஐயா. அவர் கருவாடு ஏத்திக்கொண்டு கொழும்புக்குப் போறவர்."

"அது ஏன் கழண்டது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது எனக்குக் கல்நெஞ்சாகத் தெரிந்தது. ஆனால் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லத் தொடங்கினாள். விடியப்புறம், வவுனியாவுக்கு அங்கால், வெளிச்சம் இல்லாமல் வீதியில் நின்ற ஒரு ரக்ரரின் இழுவைப் பெட்டியில் லொறி மோதியது. அவர் பிறேக் பிடித்த தடம் நீளத்துக்கு இருந்ததாகச் சொன்னார்களாம். முன்பக்கம் முழுதும் போய்விட்டது. லொறி பிறகு பொலிஸ் வளவில் கிடந்ததாம். இவள் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாளாம். போய்ப் பார்க்கவில்லையாம்.

"பிரண்டதோ?"

"இல்லை ஐயா. நிண்ட நிலையிலையே."

"பின்னுக்கு வேறை வாகனம் இடிச்சதோ?"

"இல்லையெண்டுதான் சொன்னவை."

"பாரம் இருந்ததோ?"

"நிறையக் கருவாடு."

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணவனின் சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட இவ்வளவு பொறுமையாக அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள். முடிவில் அவளாகவே சொன்னாள்:

"அந்தப் பட்டி மன்னாரிலை வைச்சுச் செய்தவர். பழசு உடைஞ்சு போச்சு எண்டு படகுக் கம்பியிலை அடிச்சவர். ஏன் ஒருதருக்கும் தெரியாமல் கீழை கொண்டுபோய்ப் பூட்டுறியள் எண்டு கேட்டனான். நீ பிடிச்சுக்கொண்டிருந்தால்தான் வில்லு விரியாது எண்டவர்."

அதைச் சொல்லும்போது ஒரு கணம் அவள் முகம் சிரித்தது போலிருந்தது. நான் வெளியே போய்விட்டேன்.

போமன் லொறியை அன்றே நிறுத்திவிட்டார். "அடிபட்ட வண்டியின்ரை சாமான். திரும்பக் கழட்டிப் பாக்க வேணும்."

தலைவர் வந்து சத்தம் போட்டார். "நீங்களே பாத்து நல்லம் எண்டுதானே பூட்டினீங்கள்? ஒரு பொம்பிளை அழுதாள் எண்டதுக்காக லொறியை நிப்பாட்டேலுமோ?"

"அந்தப் பிள்ளை அழயில்லை," என்றார் போமன். "கேட்டதுக்கு மறுமொழி சொன்னது. பாரத்தோடை இடிபட்ட லொறி. பின்பாரம் முன்னுக்குத் தள்ளேக்கை தகடு முறுகியிருக்கலாம். பாக்காமல் நான் ஆக்களை ஏத்த விடமாட்டன்."

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். இந்தத் தடவை ஊறல் நீளமாக இருந்தது. நடுத் துளையைச் சுற்றி உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடித் துண்டின் மேல் தகடுகளை நிறுத்தி முறுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. தகடுகள் முழு நலமாக இருந்தன. "வீண் வேலை" என்று தலைவர் நேரே சொன்னார். போமன் கையைத் துடைத்துக்கொண்டு, "ஓம்," என்றார். அதில் அவருக்கு ஒரு குறைவும் தெரியவில்லை.

லொறி நின்ற அந்த நாட்களில் பெண்கள் மறுபடியும் தண்ணீருக்குள் நடந்தார்கள். அலுத்துப்போன வாயில் அந்தப் பெயர் இன்னும் நன்றாகப் படிந்தது. "கிளியின்ரை மனிசன்ரை சாமானாம், அதாலை எங்களுக்கு லொறியில்லை" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பிறகு லொறி ஓடத் தொடங்கியதும் அந்தக் கோபம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. லொறி கிளி லொறி ஆனது. அவள் கிளியக்கா ஆனாள். அதில் பிறகு கேலி எதுவும் இருக்கவில்லை. பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அவளுடைய ஞானஸ்நானப் பெயரே தெரியாது.

இரண்டாவது தடவை கட்டும்போது நான் அந்தக் கிளிப்பைப் பூட்டவில்லை. பட்டை இரும்பில் வேறொன்று அடித்துப் போட்டேன். பழையதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய்க் கொட்டில் வாசலில் அவளிடம் நீட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டுதான் போனேன். ஒன்றும் வரவில்லை.

அவள் பிரித்துப் பார்த்தாள். "இதைக் கழட்டினால் வில்லு விரியாதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"விரியாது அக்கா. வேறை போட்டிருக்கிறன்."

"சரி," என்று சாப்பாட்டுப் பெட்டி வைக்கிற பைக்குள் வைத்துக்கொண்டு நண்டு மேசைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு நான் அவளை ஒருநாளும் மற்றவர்கள் கூப்பிடுவது போலக் கூப்பிட்டதில்லை. "திரேசக்கா" என்றே சொல்வேன். பலர் நடுவில் சத்தமாகச் சொல்வேன். என்னாலான பரிகாரம் அதுதான் என்று நினைத்திருந்தேன். சங்கத்தில் எனக்கு ஓய்வுப் பாராட்டு நடந்தபோது, பேசியவர்கள் எல்லோரும் கிளி லொறியைப் பற்றித்தான் பேசினார்கள். மாலையோடு மேடையில் இருந்த எனக்கு, கீழே பெண்களின் வரிசையில் இருந்த அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. போமன் முழங்கால் வருத்தத்தால் வரவில்லை. வராதது நல்லது என்று நினைத்தேன்.

சுரேன் கேட்டதும் முதலில் வில்லுத்தகட்டைப் பற்றி மட்டும் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் லொறியின் பெயர் எப்படி வந்தது என்று கேட்காத ஆள் இருக்க முடியாது. அதை எழுதினால் இன்னும் நூறு பேர் கைக்கு அந்தப் பெயர் போகும். ஆகவே போன ஞாயிறு பூசை முடிய அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திரேசக்கா, மலருக்கு லொறியைப் பற்றி எழுதச் சொல்லுகினம். அண்டைக்கு நடந்ததையும் எழுதவோ, விடவோ எண்டு உங்களைக் கேக்க வந்தனான்."

"எழுதன். ஆருக்குத் தெரியாத கதை?" என்றாள். குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு, "தாஸ், நான் உன்னை ஒண்டு கேக்கவோ? ஊரெல்லாம் கிளியக்கா எண்டு கூப்பிடுது. நீ மட்டும் ஏன் திரேசக்கா, திரேசக்கா எண்டு இழுக்கிறாய்?"

"எனக்கு வாய் வராது, அக்கா."

"மற்றவை கூப்பிடேக்கை எனக்கு ஒண்டுமில்லை. அது இப்ப ஒரு பேர், அவ்வளவுதான். நீ அப்பிடி ஒதுக்கிச் சொல்லேக்கைதான் அண்டைக்கு எல்லாரும் சிரிச்சது எனக்குத் திரும்பக் கேக்கும்."

அவள் மிளகாயை விரலால் பரவிவிட்டாள்.

"ஒண்டு மட்டும் கவலை," என்றாள். "முந்தி அவர் கூப்பிடுறது காதிலை அப்பிடியே இருந்தது. படலைக்கு வெளியிலை நிண்டு ஒரு மாதிரி நீட்டிக் கூப்பிடுவர். இப்ப எத்தினை பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவரின்ரை குரல் எது எண்டு பிடிபடுதில்லை. யோசிச்சுப் பாப்பன். கொட்டில் பெட்டையளின்ரை குரல்தான் வருகுது."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் உப்பாகிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"வெயில் ஏறுது. போ," என்றாள். "இனியும் திரேசக்கா எண்டு கூப்பிட்டுக்கொண்டு வராதை."

சைக்கிளை எடுத்துப் படலை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் போக முடியாது.

"போட்டு வாறன், கிளியக்கா."

சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் கஷ்டம் ஒன்றுமே இல்லை. ஊரில் எல்லோர் வாயிலும் வருவது போலவே என் வாயிலும் லேசாக வந்தது.